பூட்டிய வீட்டின் பின்வாசல்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் நடப்பவர் எவரும் பூட்டிய வீடுகளைக் காணாமல் திரும்ப முடியாது. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் ஈட்டிய பொருளால் எழுந்த மாளிகைகள் அவை. உரிமையாளர்களில் பலர் இன்று சென்னையிலோ சிங்கப்பூரிலோ வாழ்கிறார்கள். படைப்புக்கும் திருமணத்துக்கும் மட்டும் திறக்கப்படும் கதவுகள் அங்கே ஏராளம்.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, குடும்பச் செலவு பற்றிய ஒரு மாதிரிக் கணக்கெடுப்பில் களப்பணியாளனாக இந்த வீதிகளில் அலைந்தேன். என் பட்டியலில் இருந்த வீடுகளுள் ஒன்று பூட்டிக் கிடந்தது. இரண்டு முறை போய்ப் பார்த்தேன். மூன்றாம் முறை வெயிலில் நடக்க மனமில்லாமல், அடுத்த வீட்டாரிடம் விவரம் கேட்டு, பூட்டிய வீட்டின் எண்ணுக்கு நேரே அதை எழுதிக் கொடுத்துவிட்டேன். சரிபார்க்க வந்த மேற்பார்வையாளர் முன்வாசலில் நிற்கவில்லை. செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. அவர் பின்தெருவுக்குச் சுற்றிப் போனார். பின்கட்டில் அடுப்புப் புகை தெரிந்தது. முகப்பையும் வளவையும் பூட்டிவிட்டு, ஓர் ஆச்சி அங்கே தனியாக வாழ்ந்துகொண்டிருந்தார். நாளுக்கு ஒருவேளை மட்டுமே உலை வைப்பவர். அவர் இருந்திருக்க வேண்டிய இடத்தில், இரண்டு மகன்கள் சம்பாதிக்கும் ஒரு குடும்பத்தின் செலவை நான் எழுதியிருந்தேன்.

அன்றுமுதல் மகலனோபிஸ் என்ற பெயர் எனக்கு வெறும் பாடப்புத்தகப் பெயராக இல்லை. அவரது பிறந்தநாளான ஜூன் 29, 2007ஆம் ஆண்டுமுதல் நாட்டின் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஐந்தாண்டுத் திட்டத்தின் சிற்பி என்றே அவரைப் பலரும் நினைவுகூர்கிறார்கள். நான் நினைப்பது வேறொரு மகலனோபிஸை. மனிதர் சொல்வதற்கும் செய்வதற்கும் இடையிலுள்ள தொலைவையும், கணக்கெடுப்பவரின் கை செய்யும் பிழையையும் அளக்க முயன்றவரை.

பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1893இல் கல்கத்தாவில் ஒரு பிரம்ம சமாஜக் குடும்பத்தில் பிறந்தார். பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, லண்டனில் மேற்படிப்புத் தொடரும் எண்ணத்துடன் 1913இல் இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போனவர் லண்டனுக்குத் திரும்பும் கடைசி ரயிலைத் தவறவிட்டார். கிங்ஸ் கல்லூரியின் தேவாலயத்தில் மனத்தைப் பறிகொடுத்து, அந்தக் கல்லூரியிலேயே சேர்ந்தார்.

அங்கேதான் அவருக்குக் கும்பகோணத்து இராமானுஜனின் நட்பு கிடைத்தது. குளிர் மிகுந்த ஒரு நாள் இராமானுஜனின் அறைக்குப் போனவர், இரவில் குளிர் தெரியாமல் உறங்க முடிகிறதா என்று விசாரித்தார். மேலங்கியை அணிந்து, சால்வையையும் போர்த்திக்கொண்டு படுத்தும் குளிர்கிறது என்பது பதில். கம்பளிகள் போதவில்லை என்று அந்தப் பதிலிலிருந்து எவரும் முடிவு செய்திருப்பார்கள். மகலனோபிஸோ படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் பல இருந்தன. எல்லாம் மெத்தையின் ஓரத்தில் இறுக்கிச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பு போடப்பட்டிருந்தது. கம்பளிகளை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது நம் கணித மேதைக்குத் தெரிந்திருக்கவில்லை. மகலனோபிஸ் அதைச் செய்து காட்டினார். கேள்விக்குக் கிடைத்த பதில் பொய்யில்லை. ஆனால் காரணம் அந்தப் பதிலில் இல்லை, படுக்கையில் இருந்தது. அவரது பிற்காலப் பணி முழுவதற்கும் முன்னுரைபோல எனக்குத் தோன்றும் நிகழ்ச்சி இது.

படிப்பு முடிந்து தாயகம் திரும்பும் வேளையில், 'பயோமெட்ரிகா' என்ற ஆய்விதழை அவருடைய ஆசிரியர் மெக்காலே அறிமுகப்படுத்தினார். அதன் தொகுதிகளை வாங்கிக் கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். உயிர்களின் அளவுகளைக் கணக்கியலால் ஆராய்ந்த அந்த இதழ் இயற்பியல் ஆசிரியரைப் புள்ளியியலின் பக்கம் திருப்பியது. பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டே, நெல்சன் அன்னண்டேல் தந்த, கல்கத்தாவின் ஆங்கிலோ இந்தியர்களின் உடல் அளவுகளை ஆராய்ந்தார். பிறகு ரிஸ்லி திரட்டிய பழைய அளவுகளையும் மறுபரிசீலனை செய்து அவற்றிலிருந்த முரண்களைச் சுட்டினார். இரு மக்கள் கூட்டங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கியவை என்பதை அளக்க அவர் வகுத்த முறை, மகலனோபிஸ் தொலைவு என்ற பெயரில் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது.

1926இல் ஒரிசாவில் பெருவெள்ளம் வந்தது. ஆற்றுப்படுகை உயர்ந்துவிட்டது, கரைகளை உயர்த்த வேண்டும் என்பது பொறியாளர்களின் கருத்து. ஏறத்தாழ 60 ஆண்டுகளின் பதிவுகளைப் புரட்டிய மகலனோபிஸ், படுகை உயரவில்லை என்றும், மேல்நிலங்களில் பெய்த மிகுமழையே காரணம் என்றும் காட்டினார். அறிஞர்களின் பொது நம்பிக்கையையும் ஏட்டின் முன் நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்பது அவரது பழக்கமாகிவிட்டது. 1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் பிறந்தது. கல்லூரியில் அவரது அறையையொட்டி இயங்கிய சிறு ஆய்வுக்கூடமே அதன் வித்து.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். மாதிரிக் கணக்கெடுப்பின் தத்துவத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஆனால் பானைச் சோறு முழுவதும் ஒன்றுபோல் வெந்தால்தான் அந்த ஒரு சோறு உண்மை சொல்லும். சமுதாயம் அப்படி வெந்த பானையன்று. ஒரு தெருவில் செல்வர், மறு தெருவில் கூலியாட்கள். கண்மாய்ப் பாசனம் உள்ள ஊர் ஒன்று, வானம் பார்த்த ஊர் மற்றொன்று. கைக்கு எட்டிய சோற்றை எடுத்தால் கைக்கு எட்டிய பகுதியின் பதம்தான் தெரியும். ஆகவே எந்த வீடு என்பதைக் கணக்கெடுப்பவரின் விருப்பம் தீர்மானிக்கக் கூடாது, குலுக்கலே தீர்மானிக்க வேண்டும். 1936இல் அமெரிக்காவில் ஓர் இதழ் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களின் பதில்களைத் திரட்டி, ரூஸ்வெல்ட் தோற்பார் என்று அறிவித்தது. அவரோ 48 மாநிலங்களில் 46இல் வென்றார். எண்ணிக்கை பெரிதாக இருந்தும் தேர்வு பிழையாக இருந்தது.

அதையடுத்த ஆண்டில் மகலனோபிஸ் வங்கத்தின் சணல் பரப்பை மாதிரி முறையில் மதிப்பிடும் வேலையைத் தொடங்கினார். முதலில் சிறிய வெள்ளோட்டம். அதில் கிடைத்த பாடத்தைக் கொண்டு அடுத்த ஆண்டு சற்றே பெரிய கணக்கெடுப்பு. இப்படிப் படிப்படியாக மாகாணம் முழுவதற்கும் விரிந்தார். ஒவ்வொரு வயலையும் எண்ணும் முழுக் கணக்கெடுப்புதான் உறுதியானது என்று அரசு நினைத்தது. இரண்டையும் வணிக ஏற்றுமதிக் கணக்குகளுடன் ஒப்பிட்டபோது, மிகக் குறைந்த செலவில் முடிந்த மாதிரிக் கணக்கெடுப்பே உண்மையை நெருங்கி நின்றது. பல்லாயிரம் பேரை அவசரமாக அமர்த்தினால் அவர்களின் பிழையும் பல்லாயிரமாகும். சிலரை நன்கு பயிற்றி அனுப்பினால் அவர்களைக் கண்காணிக்க முடியும்.

அவர் தந்த கொடைகளில் நான் மிக உயர்வாக மதிப்பது, ஒரே பகுதியை இரண்டு தனித்தனிக் குழுக்களைக் கொண்டு அளக்கும் முறை. இரு குழுக்களுக்கும் தனித்தனி மாதிரிகள். ஒருவர் ஏட்டை மற்றவர் பார்க்க முடியாது. இரு விடைகளும் நெருங்கி வந்தால் நம்பலாம். விலகிப் போனால் அந்த விலகலே பிழையின் அளவு. என்னைப் போன்ற ஒரு களப்பணியாளன் பூட்டிய வீட்டுக்குப் பதிலாக அடுத்த வீட்டை எழுதும் பழக்கமுடையவனாக இருந்தால், அந்தப் பழக்கம் இங்கே வெளிப்பட்டுவிடும். ஆள் பொய்யனா என்று விசாரிக்க வேண்டியதில்லை. பிழை செய்வது மனித இயல்பு என்று முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட முறை இது.

பயிரோடு அவர் நிற்கவில்லை. தேநீர் குடிக்கும் பழக்கம், குடும்பச் செலவு, பொதுமக்கள் கருத்து எனத் தொடக்ககால ஆய்வுகள் மனிதரின் நடத்தையையும் தொட்டன. 1943இன் வங்கப் பஞ்சத்துக்குப் பிறகு, கிராமங்களில் அதன் விளைவுகளை அறிய அவரது குழுவினர் ஒரு மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தினர். நிலத்தையும் மாட்டையும் விற்றவர் எத்தனை பேர், பிழைப்பிழந்து இரந்து வாழ்பவர் எத்தனை பேர் என்று எண்ணினார்கள். இத்தகைய கணக்கெடுப்பின் கொடிய எல்லையும் அங்கேயே தெரிகிறது. ஒருவரும் மிஞ்சாத குடும்பத்திடம் எந்தக் களப்பணியாளரும் கேள்வி கேட்க முடியாது. உயிரோடிருப்பவர் பதிலைக் கொண்டு மட்டும் பஞ்சத்தை அளந்தால் பஞ்சம் சிறியதாகவே தெரியும்.

கேட்க முடியாத இடத்தில் தடயத்தைப் பார்க்க வேண்டும். இதற்கு அவர் பள்ளியிலிருந்தே ஓர் அரிய சான்று உண்டு. 1947 பிரிவினைக் கலவரத்தின்போது, டெல்லி செங்கோட்டையில் பெருந்திரளான மக்கள் அடைக்கலம் புகுந்தனர். அவர்களுக்கு உணவளித்த ஒப்பந்தக்காரர்கள் பெருந்தொகைக்குப் பட்டியல் அனுப்பினர். உள்ளே எத்தனை பேர் என்பதை எண்ணும் சூழல் இல்லை. மகலனோபிஸின் நீண்டகாலத் துணைவரான சென்குப்தா ஒரு வழி சொன்னார். பட்டியலிலுள்ள அரிசியையும் பருப்பையும் உப்பையும், ஓர் ஆள் சராசரியாக உண்ணும் அளவால் தனித்தனியே வகுத்துப் பார்த்தனர். மூன்றும் ஒரே தலைக்கணக்கைத் தந்திருக்க வேண்டும். அரிசி மிகப் பெரிய எண்ணைக் காட்டியது, உப்பு மிகச் சிறிய எண்ணைக் காட்டியது. விலையுயர்ந்த அரிசியில் கணக்கைக் கூட்டி எழுதலாம். மலிவான உப்பில் கூட்டி எழுதி எவருக்கு என்ன லாபம்? உப்பின் கணக்கே நம்பத் தகுந்தது என்று கொண்டனர். எங்கள் ஊர்த் திருமணங்களில், வந்தவர் எத்தனை பேர் என்று வீட்டாரைக் கேட்காமல் எச்சில் இலையை எண்ணும் பெரியவர்களைப் பார்த்தவன் என்பதால், அந்த நுட்பம் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

தமிழ்நாட்டுக்கும் கள ஆய்வில் நெடிய மரபு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு கிராமங்களை ஆராய்ந்து 1918இல் நூலாக வெளியிட்டார். அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்து வடமலாபுரமும் அவற்றுள் ஒன்று. நெருங்கியிருந்து பார்த்ததால் ஆழம் மிகுந்த ஆய்வு அது. ஆனால் மாணவருக்குப் பழக்கமான சில ஊர்களைக் கொண்டு மாகாணம் முழுவதற்கும் கணக்குச் சொல்ல இயலாது. ஆழம் ஒன்று, பரப்பு வேறொன்று. இரண்டும் வேண்டும்.

பரப்புக்கான பெருமுயற்சி 1950இல் தொடங்கியது. அமைச்சரவையின் புள்ளியியல் ஆலோசகராக இருந்த மகலனோபிஸின் முன்னெடுப்பில் உருவான தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, முதல் சுற்றில் 1,833 கிராமங்களைத் தேர்ந்தெடுத்து நாட்டின் கிராம வாழ்வை அளக்கப் புறப்பட்டது. குடும்பம் என்றால் என்ன என்பதே முதல் சிக்கல். ஒரே சமையலில் உண்போர் ஒரு குடும்பம் என்பது விதி. செட்டிநாட்டார் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். ஒரே வளவுக்குள் மணமான ஒவ்வொரு மகனுக்கும் தனி அடுப்பு வைக்கும் வழக்கம் இங்கே இருந்தது. நகரத்தார் தம் கோயில் வரிக்கு மணமான ஒவ்வோர் இணையையும் ஒரு புள்ளியாக எண்ணினர். கூரையை எண்ணுபவர் ஒரு குடும்பம் என்பார், அடுப்பை எண்ணுபவர் நான்கு என்பார். எதை எண்ணுகிறோம் என்று முதலில் தெளியாவிட்டால் எவ்வளவு கவனமாக எண்ணினாலும் பயனில்லை.

அடுத்த சிக்கல் நினைவு. சென்ற வாரம் என்ன உண்டீர்கள் என்று கேட்பதா, சென்ற மாதம் என்று கேட்பதா? இரண்டு கேள்விகளும் இருவேறு விடைகளைத் தந்தன. மகலனோபிஸும் அவரது குழுவினரும் விவாதித்துக்கொண்டிருக்கவில்லை. மேற்கு வங்கக் கிராமங்களில் சமையலுக்கு எடுக்கும் பொருளை நேரில் எடைபோட்டுப் பார்த்தனர். அரிசி, பருப்பு போன்றவற்றில் மாதக் கேள்வியின் விடையே எடைக்கு நெருங்கி வந்தது. அந்தச் சோதனையே பல பதின்ஆண்டுகளுக்கு நாட்டின் வறுமைக் கணக்குக்கு அடிப்படையாயிற்று. 1999-2000 சுற்றில் இரு கேள்விகளையும் ஒரே குடும்பத்திடம் அடுத்தடுத்துக் கேட்டார்கள். ஒரு விடை மற்றொன்றைப் பாதித்தது என்று அறிஞர்கள் ஐயுற்றனர். வறுமை உண்மையில் எவ்வளவு குறைந்தது என்ற விவாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. வினாத்தாளின் ஒரு பத்தி கோடிக்கணக்கான மக்களை ஏழைகள் பட்டியலில் சேர்க்கவும் நீக்கவும் வல்லது.

மகலனோபிஸ் தவறே செய்யாதவர் என்று நான் சொல்லமாட்டேன். விளைச்சலை மதிப்பிட அவர் சிறிய துண்டுகளில் அறுவடை செய்து பார்த்தார். எல்லையில் நிற்கும் பயிரை உள்ளே சேர்த்துக்கொள்ளும் மனித இயல்பால் அந்தச் சிறு துண்டுகள் விளைச்சலைக் கூட்டிக் காட்டும் என்று சுகாத்மே வாதிட்டார். அந்த வாதம் வலுவானது. வருவாய்த் துறையினரையே இந்தப் பணிக்குப் பயன்படுத்தலாம் என்ற சுகாத்மேயும், தனிப் பயிற்சி பெற்ற முழுநேரப் பணியாளர் வேண்டும் என்ற மகலனோபிஸும் கடுமையாக மோதினர். கனரகத் தொழிலை முன்னிறுத்திய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் வேளாண்மையையும் நுகர்பொருளையும் பின்தள்ளியது என்ற விமர்சனமும் இன்றுவரை ஓயவில்லை. சணல் வயலில் வெள்ளோட்டம் விட்டுச் சோதித்த நிதானத்தை நாட்டின் பொருளாதாரத்தில் கடைப்பிடிக்க அவருக்கு வாய்ப்பும் இல்லை, ஒருவேளை பொறுமையும் இல்லை. 1972 ஜூன் 28 அன்று, 79ஆவது பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்பு அவர் மறைந்தார்.

அவர் விட்டுச்சென்ற ஒழுக்கம் இன்று நமக்கு மிகவும் தேவைப்படுகிறது. கைப்பேசியில் பதில் சொல்ல நேரமும் விருப்பமும் உள்ளவர்களின் குரலை நாடு முழுவதன் குரலாக வெளியிடுகிறோம். 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனது. பழைய பட்டியலைக் கொண்டே புதிய மாதிரிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. 2017-18 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் தரக்குறைவு இருப்பதாகக் கூறி அரசு அதன் முடிவுகளை 2019இல் நிறுத்திவைத்தது. குறை இருந்திருக்கலாம். அப்படியானால் குறையின் அளவையும் சேர்த்து வெளியிடுவதே மகலனோபிஸ் காட்டிய வழி. இரு குழுக்களின் இரு விடைகளைப் பக்கத்தில் பக்கமாக வைத்து, எங்களுக்கு இவ்வளவு தெரியும், இவ்வளவு தெரியாது என்று மக்களிடம் சொல்லும் துணிவு அது.

களப்பணியாளரையும் மறந்துவிடக் கூடாது. குறைந்த ஊதியம், நிலையற்ற வேலை, ஒரு நாளில் முடிக்க வேண்டிய படிவங்களின் நெருக்கடி ஆகியவற்றுக்கு இடையே நிற்கும் ஒருவரிடம், பூட்டிய வீட்டுக்கு மூன்றாம் முறை போ என்று எந்த விதிநூலும் சொல்லிவிடலாம். அவர் போவதற்கான நேரத்தையும் ஊதியத்தையும் கொடுப்பவரே அதை எதிர்பார்க்கும் உரிமை உடையவர். எந்தக் கணக்கெடுப்பின் முடிவைப் படித்தாலும் மூன்று கேள்விகளை வாசகர்கள் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். எத்தனை பேரைக் கேட்டார்கள் என்பதற்கு முன், அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? பதில் சொல்லாதவர்கள் எத்தனை பேர், அவர்கள் எப்படிப்பட்டவர்கள்? சொன்னதை எங்காவது நேரில் பார்த்துச் சோதித்தார்களா?

அந்த ஆச்சியின் படிவத்தை மேற்பார்வையாளர் என்னையே மீண்டும் எழுதச் சொன்னார். அடுப்படியில் அமர்ந்து, அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு என்று கேட்டேன். எல்லாம் போதுமான அளவு வாங்குவதாக ஆச்சி சொன்னார்கள். பெரிய வீட்டுக்காரர் வேறு எப்படிச் சொல்வார்? எழுதுகோலை எடுப்பதற்கு முன் நான் அடுப்பின் அருகிலிருந்த பானைகளைப் பார்த்தேன். பிறகு கேள்விகளை நிதானமாக, ஒவ்வொரு நாளாகப் பிரித்து, மறுபடியும் முதலிலிருந்து கேட்டேன்.